சன்னாசி மச்சான் போட்டுக்கொண்ட வியாழக்கிழமை ஊசி

என் அக்காள் புருஷன் சன்னாசியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும், அக்காள் குமுதவல்லி கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "அந்த மனுசனப் பத்தி எழுத என்னா இருக்கு?"

நியாயமான கேள்விதான். மலேசியாவில், லாபு பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் முப்பத்து நான்கு வருஷ வேலை. அதில் இருபத்தாறு வருஷம் லாரி. செம்பனைப் பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போவார், கொட்டிவிட்டுத் திரும்புவார், வழியில் ஒரு ரொட்டி சானாய் சாப்பிடுவார், அது போதாமல் இன்னொன்று சாப்பிடுவார். கோயில் கமிட்டியில் கூட அவர் உறுப்பினர் கிடையாது. கமிட்டியைத் திட்டும் கூட்டத்தில் மட்டும் நிரந்தர உறுப்பினர். எடை நூற்று இருபத்து மூன்று கிலோ. ஆனால் இந்த மனிதர் பெரிய பெரிய டாக்டர்கள் நடத்திய ஒரு ஆராய்ச்சியையே பதினான்கு வாரம் ஏமாற்றியிருக்கிறார். அதுவும் வேண்டுமென்றே அல்ல, வழக்கம் காரணமாக. அதனால்தான் எழுதுகிறேன்.

மச்சானைப் போலக் குறை சொல்லும் ஆளை நான் பார்த்ததில்லை. டீயில் சீனி கூட, சாலையில் குழி கூட, கோயில் மைக்கில் சத்தம் கூட. என் அக்காள் சமையலில் முப்பது வருஷமாக ஒன்று உப்பு அதிகம், இல்லையென்றால் குறைவு. ஆனால் கையில் பேனாவும் எதிரில் ஒரு ரிஜிஸ்தரும் வைத்துக்கொண்டு யாராவது "எப்படி இருக்கீங்க" என்று கேட்டுவிட்டால் போதும். கைகட்டி நின்று, "நல்லாத்தான் இருக்கேனுங்க" என்பார். காலில் ஆணி குத்தியிருந்தாலும் அதைத்தான் சொல்வார்.

கதைக்கு வருகிறேன். லாரி லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் ஒருவர் உடம்பைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நீலாய் கிளினிக்கில் இருந்த மலாய்க்கார டாக்டர் மச்சானின் சீனி அளவைப் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, மச்சானையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வருஷம் போடுகிறேன். அடுத்த வருஷமும் இதே கணக்கோடு வந்தால் போட மாட்டேன்" என்று மலாயில் சொன்னார். போடாவிட்டால் லாரியை விட்டு இறங்க வேண்டியதுதான். மச்சான் அன்றைக்கு ரொட்டி சானாய் சாப்பிடவில்லை. விஷயம் எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த டாக்டர்தான், சிரம்பானில் ஒரு மருத்துவமனையில் புது ஊசி ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்றும் சொன்னார். நான் சுங்கை காடுட் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, பகலில் சும்மா இருப்பவன் என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. ஆகவே மச்சானைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அங்கே எங்களை உட்கார வைத்து விளக்கியவர் நிலானி. ஆராய்ச்சியின் ஒருங்கிணைப்பாளர், நாற்பது வயதிருக்கும், கழுத்தில் சிறிய சிலுவை. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நம் உடம்பில் சுரக்கும் இரண்டு ஹார்மோன்கள் செய்கிற வேலையை ஒரே மருந்து செய்யும். ஒரு பக்கம் மூளையிடம் "வயிறு ரொம்பிவிட்டது" என்று சொல்லும், வயிறு காலியாவதையும் மெதுவாக்கும். இன்னொரு பக்கம் ஈரலை முடுக்கிவிட்டு, சேர்ந்து கிடக்கும் கொழுப்பை எரிக்கச் சொல்லும். வாரம் ஒருமுறை வயிற்றில் குத்திக்கொள்ள வேண்டும். இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, அதனால் பெயர் கூட இல்லை, ஒரு எண்தான். ஊசியில் இருப்பது மருந்தா வெறும் தண்ணீரா என்று போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை, உடம்பு தாங்கினால் அளவை ஏற்றுவார்கள்.

"தாங்கினால் மட்டும்தான்" என்று நிலானி இரண்டு தடவை சொன்னார். பிறகு ஒரு சிறு புத்தகத்தைக் கொடுத்தார். "ஒவ்வொரு நாளும் இதில எழுதவேணும் ஐயா. குமட்டல், சத்தி, அதுதான் வாந்தி, வயித்தால போறது, தலைச்சுத்து, எல்லாத்துக்கும் ஒரு கட்டம் இருக்கு. ஒண்டையும் மறைக்காதேங்கோ."

மச்சான் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சரிங்கம்மா" என்றார். எழுந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

காரில் ஏறியதும் மெல்லக் கேட்டார். "மாப்ள, அந்தம்மா யாழ்ப்பாணத்து ஆளுங்கதானே?"

"ஆமா மச்சான். பேச்சிலயே தெரியுதே."

"கிராணி வூட்டுப் புள்ள" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வெளியூர்க்காரர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் காலை இருட்டோடு பெரட்டு. வேலையாட்கள் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும், கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், பேரேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கிராணிமார் பலர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். காய்ச்சல் என்று எவனாவது சொன்னால் அவன் பெயர் அன்றைக்கு வெட்டப்படும், கூலி கிடையாது. மூன்று நாள் சொன்னால் அவன் நிரையை, அவன் வேலை செய்யும் மர வரிசையை, வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் மச்சானின் தாத்தாவும் அப்பாவும், என் தாத்தாவும் அப்பாவும், பெரட்டில் ஒரே பதிலைத்தான் சொல்லிப் பழகியிருந்தார்கள். இப்போது கிராணி இல்லை, கையில் டேப்லட் வைத்திருக்கும் ஒரு பெண்தான் பெயர் கூப்பிடுகிறாள். பதில் மட்டும் மாறவில்லை.

ஊசி வியாழக்கிழமைகளில். அக்காள்தான் குத்துவாள், கொஞ்சம் சந்தோஷமாகவே குத்துவாள் என்று எனக்குச் சந்தேகம். முதல் மாதம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, சாப்பாடு மட்டும் பாதியானது. புத்தகத்தில் எல்லாக் கட்டத்திலும் "இல்லை". அளவை ஏற்றினார்கள். அப்போது ஆரம்பித்தது வாந்தி.

வீட்டுக்குப் பின்னால் வாழைமரத்தடியில் எடுப்பார். லாரியை நிறுத்திவிட்டுச் செம்பனைக்குப் பின்னால் போய் எடுப்பார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ஏறிக்கொள்வார். புத்தகத்தில் "இல்லை".

தேநீர்க்கடையில் வேறு கூத்து. திருநாவுக்கரசு என்று ஒருவர், மச்சானோடு லாரி ஓட்டுகிறவர், நக்கல் பேசுவதில் கெட்டிக்காரர். "என்னா சன்னாசி, ஊசி வேலை செய்யுதா? வாந்தி கீந்தி வருதா? என் மருமவன் இண்டர்நெட்டுல பாத்தான், மருந்துன்னா வாந்தி வருமாம்லா."

"அதெல்லாம் ஒன்னும் வரல."

"அப்ப ஒனக்குக் குடுத்தது பைப்புத் தண்ணி. கவர்மெண்டு தண்ணிய வயித்துல குத்திக்கிட்டு வர்றே."

கடையே சிரித்தது. மச்சான் முகம் சுருங்கிப் போனது. வாந்தி வருகிறது என்று சொன்னால் திருநாவுக்கரசு வாயை அடைத்துவிடலாம். ஆனால் கடையில் சொன்னது சிரம்பானுக்குப் போய்விடும் என்ற பயம். காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்த மனிதர், தண்ணீர் ஊசி போட்டுக்கொண்ட ஏமாளி என்ற பட்டத்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபமும் பாவமும் ஒன்றாக வரும்.

அடுத்த முறை நிலானி ஒவ்வொன்றாகக் கேட்டார். குமட்டல்? இல்லிங்கம்மா. சத்தி? இல்லிங்கம்மா. தலைச்சுத்து? அதெல்லாம் நமக்கு எங்கம்மா.

"அப்ப நல்லாத் தாங்குறீங்கள் ஐயா. அடுத்த அளவுக்குப் போவம்."

காரில் மச்சான் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். "மறுபடியும் ஏத்திட்டாங்க மாப்ள."

"சொல்ல வேண்டியதுதானே மச்சான்? வாயில என்னா, கொழுக்கட்டையா?"

"சொன்னா பேர வெட்டிடுவாங்க. ஊசியும் போச்சு, லாரியும் போச்சு."

நான் அப்போதே காரைத் திருப்பி, நிலானியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டியிருக்க வேண்டும். செய்யவில்லை. ஏனென்றால் எடை இறங்கிக்கொண்டிருந்தது, சீனியும் இறங்கிக்கொண்டிருந்தது. கால்சட்டையைக் கயிறு கட்டி நிறுத்தினார். ஆலையில் எடைமேடைக்காரன், "என்ன அண்ணே, லாரியில எதையாச்சும் கழட்டி வித்துட்டிங்களா, வெறும் வண்டி எடை கொறையுது" என்று கேட்டானாம். எனக்கும் ஆசை வந்துவிட்டது. இன்னும் சில மாதம் பல்லைக் கடித்துக்கொண்டால் கையெழுத்து விழுந்துவிடும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அக்காளிடமும் சத்தியம் வாங்கியிருந்தார், போன் செய்யக் கூடாது என்று. ஆக நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் இந்த முட்டாள்தனத்தைச் செய்தோம்.

மூன்றாவது முறை ஏற்றிய பிறகு, பதினான்காவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. லாரி நிறையக் குலைகள். தோட்டத்திலிருந்து தார்ச் சாலைக்கு இறங்கும் சரிவு. ராத்திரியெல்லாம் ஒரு மிடறு தண்ணீர் கூட வயிற்றில் தங்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்ததும் ஓரம் கட்டி, பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, கதவைத் திறந்து இறங்கினார். அதுவரைக்கும் ஞாபகம் இருக்கிறதாம். பின்னால் மோட்டாரில் வந்த சந்திரன், குலை வெட்டும் ஆள், தேவைப்பட்டால் லாரியும் ஓட்டுவான், அவன்தான் மச்சான் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்து எனக்குப் போன் செய்தான். சரிவுக்குக் கீழே தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வேனுக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

மருத்துவமனையில் படுக்க வைத்துச் சலைன் ஏற்றினார்கள். உடம்பில் தண்ணீரே இல்லை, கிட்னி திணறிக்கொண்டிருக்கிறது என்றார்கள். செய்தி தெரிந்து நிலானி வேகவேகமாக வந்தார். கையில் ஒரு ரிஜிஸ்தர். மச்சான் அதைப் பார்த்ததும் சலைன் குழாயோடு எழுந்து உட்காரப் பார்த்தார்.

"என்ன நடந்தது ஐயா?"

"ஒன்னும் இல்லிங்கம்மா. நல்லாத்தான் இருக்கேன். வெயிலு."

காலை ஏழு மணிக்கு வெயில். அத்தோடு என் அக்காளுக்குப் பொறுமை போய்விட்டது.

"சத்தியமும் ஆச்சு, மண்ணாங்கட்டியும் ஆச்சு" என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "அம்மா, நீங்க எழுதிக்குங்க. மொதத்தரம் அளவ ஏத்துனிங்கள்ல, அந்த வியாழன் ஊசி. வெள்ளிக்கெழம சாம்பாரு, முருங்கக்கா. நாலு வாய் தின்னாரு, வாழமரத்தடியில எடுத்துட்டாரு. சனிக்கெழம சுறாப் புட்டு. வாசம் புடிச்ச ஒடனே எடுத்துட்டாரு. ஞாயித்துக்கெழம கோழி, தொடவே இல்ல. திங்கக்கெழம கஞ்சி, அது தங்குச்சு. அடுத்த வியாழன்..."

அங்கிருந்து பதினான்காவது வாரம் வரைக்கும் சொன்னாள். தேதி அவளுக்குத் தெரியாது. ஆனால் எந்த நாளில் எந்தக் குழம்பு வைத்தாள், இந்த மனிதர் எத்தனை வாய் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு வெளியே ஓடினார் என்பது ஒன்று விடாமல் தெரிந்திருந்தது. நிலானி காலண்டரைப் பார்த்துத் தேதி போட்டுப் போட்டு எழுதினார். ஐந்து பக்கம் வந்தது. நடுவில் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்ததும் மச்சான் சின்னக் குரலில் சொன்னார். "பேர வெட்டிடாதிங்கம்மா."

நிலானி பேனாவை வைத்தார். "ஐயா, நீங்கள் சத்தி எடுக்கிறீங்களோ இல்லையோ எண்டு அறியத்தானே நாங்கள் இதை நடத்திறம். அளவைக் குறைச்சிருப்பம், நிப்பாட்டி வைச்சிருப்பம். உங்கட புத்தகத்தில பதினாலு கிழமையும் 'இல்லை' எண்டு இருக்கு. இதை நம்பி, இந்த அளவு பாதுகாப்பானது எண்டு நாங்கள் எழுதினால், நாளைக்கு இதை இன்னொரு ஆள் போடுவார். அவரும் லொறி ஓட்டுறவராய் இருந்தால்?"

மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு என்னிடம், "சரிவுல புள்ளைங்க நின்னுச்சுங்களா மாப்ள?" என்று கேட்டார். நின்றதாகச் சொன்னேன்.

பெயரை வெட்டவில்லை. மூன்று வாரம் ஊசியை நிறுத்தி வைத்தார்கள். பிறகு பெரிய டாக்டர்கள் கலந்து பேசி, குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு வந்த சந்திப்பு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். "ஏதும் தொந்தரவு இருக்கோ ஐயா?" என்று நிலானி வாயெடுத்ததுதான் தாமதம். மச்சான் குமட்டலில் ஆரம்பித்தார். ஏப்பம், மலச்சிக்கல், ஊசி குத்திய இடத்தில் அரிப்பு, அக்காள் குத்தும் விதம், தோட்டத்துச் சாலை, திருநாவுக்கரசின் வாய், கோயில் மைக். முக்கால் மணி நேரம். நிலானி முதல் நான்கை எழுதினார். மற்றதையும் பொறுமையாகக் கேட்டார். வெளியே வந்ததும் மச்சான், "நல்ல புள்ள மாப்ள. காது குடுத்துக் கேக்குது" என்றார்.

அப்புறம் லைசென்ஸ் நாள் வந்தது. அதே நீலாய் கிளினிக், அதே டாக்டர். மச்சான் நூற்று மூன்று கிலோ. சீனி கட்டுக்குள், ரத்த அழுத்தம் கட்டுக்குள். டாக்டர் காகிதத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து மச்சானின் தோளைத் தட்டினார். படிவத்தை எடுத்து மளமளவென்று கோடு போட்டுக்கொண்டே வந்தார். கண் சரி, காது சரி, வலிப்பு இல்லை. தலையைத் தூக்காமலே மலாயில் கேட்டார், எப்போதாவது மயங்கி விழுந்தது உண்டா என்று. "இல்லை" என்ற கட்டத்துக்கு மேலே பேனா ஏற்கெனவே வந்துவிட்டது.

விஷயம் தெரிந்தவர்கள் அந்த அறையில் நாங்கள் இருவர்தான். சிரம்பான் காகிதம் எதுவும் நீலாய்க்கு வரவில்லை. நான் சுவரில் இருந்த பல் விளக்கும் படத்தைப் பார்த்தேன்.

"இருக்கு டாக்டர்" என்றார் மச்சான் மலாயில். "நாலு மாசத்துக்கு முந்தி. லாரியில."

பேனா நின்றது. டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார், மச்சான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் டாக்டர் பெருமூச்சு விட்டார். "எனக்கு வருத்தம்தான். இன்றிலிருந்து ஆறு மாசம் மயக்கம் இல்லாமல் இருக்க வேண்டும், நிபுணரிடம் கடிதம் வேண்டும். அதுவரை போட முடியாது."

கார் நிறுத்தும் இடத்தில் நான் அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். அவ்வளவு வாந்தி எடுத்தது எதற்கு, இருபது கிலோ குறைந்தது எதற்கு, ஒரே ஒரு 'இல்லை' சொல்லத் தெரியாதா, முப்பத்து நான்கு வருஷமாகச் சொன்னதுதானே என்று கத்தினேன். அவர் கார் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஓய்ந்த பிறகு சொன்னார்.

"அவரு கையெழுத்த நம்பித்தான் மாப்ள எல்லாரும் ரோட்டுல நடக்குறாங்க."

திரும்பும் வழியில் அழுதார். நான் ரேடியோவைப் போட்டேன். பிறகு அதையும் நிறுத்திவிட்டேன்.

அக்காள் விஷயத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போய்த் தோசை ஊற்றிக் கொண்டுவந்தாள். "ஆறு மாசம் காலையில நீங்க போற சத்தத்தக் கேட்டு நான் பயப்பட வேணாம்" என்றாள். மச்சான் இரண்டு தோசை சாப்பிட்டார். சட்னியில் உப்பு குறைவு என்றார்.

நிர்வாகம் அவரைத் தோட்டத்து வாசலில் காவலுக்குப் போட்டது. ஒரு சிறிய கொட்டகை, ஒரு மின்விசிறி, வண்டி போக வரத் தூக்கிவிட ஒரு நீளமான குறுக்குக் கம்பி. லாரியைச் சந்திரனிடம் கொடுத்தார்கள். முதல் நாள் காலை, மச்சான் இருபத்தாறு வருஷம் ஓட்டிய அந்த லாரிதான் முதல் வண்டியாக வாசலுக்கு வந்தது. சந்திரனுக்குச் சங்கடம். ஹாரன் அடிக்காமல் நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டானாம். மச்சான் எழுந்து போய்க் கம்பியைத் தூக்கிவிட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் போனேன். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"கையி நடுங்குச்சு மாப்ள" என்றார். "தூக்கும்போது ரொம்ப நடுங்குச்சு." லாரி போன சாலையைப் பார்த்தார். "அது ஊசினால இல்ல, எனக்குத் தெரியும். இருந்தாலும் வர்ற வியாழக்கெழம சிரம்பான் போறோம்ல, அந்தம்மாகிட்டச் சொல்லி எழுதிக்கச் சொல்லணும்."